தம்பியின் மார்பில் தெரிந்த ஆலவேர்

சிவப்புக் காகிதம் ஒட்டிய விளக்கு ஒன்று. பீங்கான் தட்டில் மருந்துத் தண்ணீர். அதில் கிடந்த கண்ணாடித் தகட்டை நான் இப்படியும் அப்படியும் மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தேன். இருட்டறை முழுக்க மருந்து நெடி. மூங்கில் தட்டி மேல் புதிதாகப் பூசிய மண் இன்னும் ஈரமாக இருந்தது. கழுத்தில் வேர்வை வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

கண்ணாடித் தகட்டில் எல்லாம் மாறித்தான் வரும். வெள்ளை கறுப்பாகும், கறுப்பு வெளுக்கும். முதலில் வானம் கறுத்தது. பிறகு இடிந்த மண்டபத்தின் கல்தூண்கள் வந்தன. பிறகு அந்தத் தூண்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஆலமரத்து வேர்கள் ஒவ்வொன்றாக வந்தன.

மண்டபத்துக்கு முன்னால் என் தம்பி சாமுவேல் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அந்த இடம் கரியாகக் கறுக்க வேண்டும். நான் காத்திருந்தேன். அடுப்பை அணைத்த பிறகு நிற்கிற புகை மாதிரி என்னவோ லேசாக வந்தது, அதோடு நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். சட்டை இருந்தது, சட்டைக்குள் ஆலவேர் ஓடியது. முகம் இருந்தது, முகத்துக்குள் தூணில் செதுக்கியிருந்த தாமரை தெரிந்தது.

என் கை நின்றுவிட்டது. அசைக்காமல் நிறுத்தினால் தகட்டில் கறை விழும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை வரவில்லை.

தட்டிக்கு அந்தப் பக்கம் சாமு என் வீட்டுக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் குரல் நன்றாகக் கேட்டது. அதைக் கேட்கக் கேட்கத்தான் எனக்குப் பயம் கூடியது.

இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு பெண், “அம்மா, உங்களுக்குப் பயம் என்பதே கிடையாதா?” என்று கேட்டு எழுதியிருந்தாள். இந்த வாரம் முழுக்கப் பயம்தான். வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்.

பழைய குழிக்குத் தொப்பி கழற்றிய துரை

என் வீட்டுக்காரர் தேவசகாயம் வேலூரில் படம் பிடிக்கக் கற்றவர். கோலார் தங்க வயலுக்கு ரயில் வந்த பிறகு, மின்சார விளக்கு வருவதற்கு முன்னால், நாங்கள் அங்கே கோரமண்டல் என்கிற பகுதியில் வந்து குடியேறினோம். அவர் படம் பிடிப்பார். தகட்டைக் கழுவி உருவம் வரவழைப்பது என் வேலை. மருந்து நெடி அவருக்குக் கண்ணைக் கரித்தது, எனக்குக் கரிக்கவில்லை. அவ்வளவுதான் இந்தத் தொழில் பங்கீட்டின் ரகசியம்.

அந்தக் காலத்தில் அங்கே குடிக்கத் தண்ணீர் வண்டியில்தான் வரும். நான் குடம் குடமாகக் கண்ணாடியைக் குளிப்பாட்டுவதைப் பார்த்து, சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீட்டுப் பெண்கள், “நம்ம புள்ளைங்க வாரத்துக்கு ஒருவாட்டி குளிக்குது, ஃபோட்டோக்காரம்மா வூட்டுக் கண்ணாடி தினம் குளிக்குது” என்பார்கள்.

சுரங்கத்தில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் இருந்தார். ஊருக்குத் திரும்பிப் போகிற சமயம் அவருக்கு. புதுக் குழி தோண்டுவது அவர் உத்தியோகம், ஆனால் பழைய குழியைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவார். இந்தச் சீமையில் எவனோ ஒரு ராஜா காலத்தில் இரும்பும் நெருப்பும் வைத்துக்கொண்டு தங்கம் தோண்டியவர்கள் விட்டுப்போன பள்ளங்கள் எங்கள் வயலெங்கும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. சுற்றிக் கள்ளிப் புதர். உள்ளே கரித்துண்டும் உடைந்த பானையும். அவற்றையும், இடிந்த மண்டபங்களையும், பழைய மரங்களையும், சுரங்கத்திலிருந்து கொட்டுகிற மண்மேடு வந்து மூடிவிடுவதற்குள் படமாகப் பிடித்து ஆல்பமாகக் கட்டித் தரச் சொன்னார்.

அதற்காகக் கோலார் வரைக்கும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போனோம். ஒரு காலத்தில் ராஜதானியாக இருந்த ஊராம். அங்கே அம்மன் கோயிலில் தேளுக்கும் மரியாதை உண்டு என்று வண்டிக்காரர் சொல்லிவைத்தார். “நாம வேதக்காரங்க, இதெல்லாம் நம்பக் கூடாது” என்று எனக்குப் போதித்துக்கொண்டே வந்த என் வீட்டுக்காரர், கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவதற்கு முன் அதை ஒவ்வொரு தடவையும் நன்றாக உதறினார். அவர் வேதக்காரர் என்பது தேளுக்குத் தெரியாதே.

பழைய குழிகளின் ஓரத்தில் அவர் முக்காலியை ஊன்றும்போது நான் பின்னால் நின்று அவர் இடுப்பு வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். ஒரு தடவை உள்ளே ஒரு கல்லை உதைத்துவிட்டேன். அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அளவு ஆள்

மண்டபமோ மரமோ எவ்வளவு உயரம் என்று படத்தைப் பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டுமானால், பக்கத்தில் ஒரு மனுஷன் நிற்க வேண்டும். துரை அதில் கண்டிப்பாக இருந்தார். அந்த ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் அளவு ஆள்.

சாமுதான் எங்கள் அளவு ஆள். சுரங்கத்துக்குள் எல்லப்ப மேஸ்திரியின் ஆட்களில் ஒருவனாகப் பாறை துளைக்கிற வேலை அவனுக்கு. அப்போது மத்தியான ஷிப்ட் என்பதால் காலையில் சும்மா இருப்பான். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ வயசு. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டான கேஜுக்குள் ஒட்டி ஒட்டி நின்று பழகியவன், அதனால் அசையாமல் நிற்பதில் கெட்டிக்காரன்.

அசையாமல் நிற்பதுதான் அந்த நாளில் பெரிய சங்கதி. நிழல் விழுந்த மண்டபத்துக்கு லென்ஸின் மூடியை எடுத்தால் நெடுநேரம் கழித்துத்தான் மூட வேண்டும். கடிகாரம் எங்களிடம் இல்லை. என் வீட்டுக்காரர் பரமண்டல ஜெபத்தை வைத்துக் கணக்குப் பண்ணுவார். வெளிச்சத்தில் நிற்கிற சுவருக்கு அரை ஜெபம். மரத்தடிக்கு ஒன்று. இருட்டு மண்டபத்துக்கு மூன்று. கடைசி ஆமென் சொன்னதும் மூடியைப் போடுவார். ஒரு நாளைக்கு அவ்வளவு ஜெபம் பண்ணியும் மனுஷனுக்குப் பொறுமை மட்டும் வரவில்லை என்று நான் கேலி செய்வேன்.

மரங்களை அவருக்குப் பிடிக்காது. காற்றடித்தால் புளியமரம் முழுக்கப் படத்தில் பஞ்சாகிவிடும். “கல்லுன்னா கல்லுதான் எஸ்தரு. நில்லுன்னா நிக்குது” என்பார்.

தரை உதறிய காலை

கோரமண்டல் ஓரத்து மேட்டில் அந்த மண்டபம் இருந்தது. கூரை போய்விட்டது. ஆலமரம் ஒன்று மேலே முளைத்து, வேரை எல்லாப் பக்கமும் இறக்கி, தூண்களை விழவும் விடாமல் நிற்கவும் விடாமல் வைத்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் எங்கள் சுரங்கத்தின் கோபுரமும் உச்சியில் சுற்றுகிற சக்கரமும் தெரியும்.

சாமு தூணோரம் நின்றான். நான் கேமராவின் மேல் வெயில் படாமல் குடை பிடித்தேன். மூன்று ஜெபம் என்று கணக்கு. அவர் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

இரண்டாவது ஜெபத்தின் நடுவில் தரை உதறியது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? காதில் விழுவதற்கு முன்னால் உள்ளங்காலில் விழும். ஆழத்தில் பாறையைக் குடைந்துகொண்டே போனால், மேலிருக்கிற பாரம் தாங்காமல் அது ஒரு நாள் வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்பார்கள். கீழே எவன் தலையில் வெடித்தது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் தரை உதறினால் யாரும் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். சுரங்கத்து வாசலுக்கு ஓடுவார்கள். உலை கொதித்தாலும் ஓடுவார்கள், பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தன் வீட்டு ஆள் கீழே இல்லை என்று தெரிந்தாலும் ஓடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை இது.

சாமுவும் ஓடினான். அவன் தூணோரம் நின்றது, மேட்டை விட்டு இறங்கிக் கொண்டிருந்தது, இரண்டும்தான் எனக்கு ஞாபகம். நடுவில் ஒன்றுமில்லை. நான் குடையைப் போட்டுவிட்டுக் கோபுரத்தையே பார்த்தேன். என் வீட்டுக்காரரும் மூடியைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்தார். ஆனால் அவர் வாய் ஜெபத்தை நிறுத்தவில்லை. அதுவரை கணக்குக்காகச் சொன்னவர், இப்போது நிஜமாகவே சொன்னார். மூன்றாவது ஆமென் வந்ததும் கை பழக்கத்தில் தானாகப் போய் லென்ஸை மூடியது.

அன்று ஒருவனுக்குக் கை நசுங்கியதோடு போயிற்று. உயிருக்குச் சேதமில்லை என்று தெரிந்து எல்லாரும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினோம். அதற்குப் பிறகுதான் நான் இருட்டறைக்குள் போனேன்.

ஊர் வாய்

படத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்கு நொடியில் விளங்கிவிட்டது. “பாதி நேரம் நின்னான், பாதி நேரம் நிக்கல. நின்ன நேரத்துக்கு அவன் வந்தான், நிக்காத நேரத்துக்குப் பின்னால இருக்கிற கல்லு வந்துச்சு. இதுல பயப்பட இன்னா இருக்குது?” என்றார்.

எனக்கும் விளங்கியது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். ஆனால் தலைக்கு விளங்கியது வயிற்றுக்கு விளங்க வேண்டுமே. அந்தத் தகட்டை உடைத்துவிடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. இப்படி ஒரு அதிசயம் எந்த ஸ்டூடியோவில் விழும் என்று காகிதத்திலும் அச்சுப் போட்டு, துணி காய்கிற கொடியில் மாட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வீட்டுக்காரர் கொடியால் கெட்டார்.

தண்ணீருக்குக் காத்திருந்த பெண்கள் பார்த்தார்கள். சாமுவின் உடம்புக்குள் மரம் தெரிகிறதாம். தலை இருக்கிற இடத்தில் கல் தெரிகிறதாம். வரிசை கலைவதற்குள் சேதி லைன் முழுக்கப் போய்விட்டது.

சாமு அதை யாரோ சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வந்து பார்த்தான். கொடிக்குப் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு வேலைக்குப் போனான். போன சுருக்கில் திரும்பி வந்தான்.

அவன் பின்னாலேயே எல்லப்ப மேஸ்திரி வந்தார். கட்டையான மனுஷர், நரைத்த மீசை. வாசலுக்கு வெளியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

“கோச்சுக்காதீங்க ஃபோட்டோக்காரம்மா. உங்க தம்பி தங்கமான பையன். ஆனா பசங்க அவனோட கேஜ்ல ஏற மாட்டேன்றாங்க. நான் இன்னா பண்றது?”

“வெறும் படம் மேஸ்திரி. அவன் நடுவுல ஓடிட்டான், அதான் அப்படி.”

“சரிம்மா. இதுக்கு முன்ன எவ்ளோ படத்துல நின்னான்? எல்லாத்துலயும் முழுசாத்தானே கீறான்? தரை உதறுன அன்னிக்கு மட்டும் ஏன் பாதி ஆளா வர்றான்?”

அவர் என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டார்.

“கீழ போற அத்தினி பேரும் உசுரக் கையில புட்சிக்கினு போறோம். சாவப் போறவன்னு தெரிஞ்சவன் பக்கத்துல எவன் நிப்பான், சொல்லுங்க?” என்றார்.

மேஸ்திரி ஆட்கள் ஏற்காவிட்டால் அவனுக்கு அந்த வயலில் வேறு எங்கும் வேலை கிடையாது. சேதி எல்லா மேஸ்திரிக்கும் போயிருந்தது. சாமி கும்பிடுகிறவர்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் சாமு உட்கார்ந்த வரிசையில் அவனுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. போதகர் மூடநம்பிக்கையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். செய்துவிட்டு, கை கொடுக்கும் நேரத்தில் அவரும் அவனைத் தாண்டிப் போய்விட்டார்.

நிழல் விழுதா பாரு

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சாமு அரண்டுவிட்டான்.

வீட்டு மூலையிலேயே கிடந்தான். கையை வெயிலில் நீட்டி, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்க்க மாட்டான். கன்னம் ஒட்டிப்போயிற்று. ஒரு மத்தியானம் முற்றத்தில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டான்.

“அக்கா, என் நெழல் விழுதா பாரு.”

“விழுதுடா.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. உன்னுது மாதிரி கறுப்பா விழுதா?”

நான் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு கணம் எனக்கே அவன் நிழல் வெளுத்த மாதிரி இருந்தது. “கறுப்பாத்தான் விழுது, போய்ச் சாப்பிடு” என்று அதட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பன் ஆத்தாள் இல்லாத பையன். அவனைக் குடியாத்தத்திலிருந்து சுரங்க வேலைக்கு அழைத்து வந்தவள் நான். அந்தப் படம் கொல்கிறதோ இல்லையோ, படத்தைப் பற்றிய பயம் அவனைக் கொன்றுவிடும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நாளாக நாளாக அவன் கரைந்துகொண்டிருந்தான்.

என் வீட்டுக்காரரிடம் போனேன். “கேமராவை எடுங்க. என்னையும் அதே மாதிரி புடிங்க. பாதியில நான் நடந்துடறேன். எனக்கும் ஒண்ணும் ஆகலன்னா இந்த ஜனங்க நம்பும்” என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது.

“உன்னையா?” என்றார்.

“ஏன், பயப்பட இன்னா இருக்குதுன்னு நீங்கதானே கேட்டீங்க?”

“அது சரி எஸ்தரு. ஆனா உன்னைப் புடிக்க மாட்டேன்.”

மூன்று நாள் சண்டை போட்டேன். கடைசியில், நானே மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடிப்போய் நிற்கிறேன் என்று மிரட்டிய பிறகுதான் கேமராவைத் தூக்கினார்.

நான் போய் நின்றேன்

அதே தூண், அதே ஆலமரம். நான் போய் முதுகைக் கொடுத்து நின்றேன். காலை வெயில் அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் வேர் சில்லென்று இருந்தது. பொந்துக்குள் வௌவால் ஒன்று கீச்சிட்டது. என் வீட்டுக்காரர் ஜெபத்தை ஆரம்பித்தார். அவர் குரல் உடைந்து உடைந்து வந்தது.

இரண்டாவதின் நடுவில் நடக்க வேண்டும். என் கால் வரவில்லை. நடந்தால் நானும் அப்படி ஆகிவிடுவேன், நடக்காவிட்டால் முழுசாக வந்துவிடுவேன், முழுசாக வந்தால் தம்பிக்கு உதவாது. மண்டையில் இதெல்லாம் ஓடியது. படித்தவளாம், மிஷன் பள்ளிக்கூடமாம். கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன்.

அந்தத் தகட்டையும் நான்தான் கழுவினேன். என் மார்பில் தாலி இருந்த இடத்தில் தூணின் தாமரை வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தட்டை அசைத்தேன். தன்னைத்தானே அப்படிப் பார்க்கிற கொடுமை என் எதிரிக்கும் வேண்டாம்.

அச்சுப் போட்டு, எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனேன். தண்ணீர் வரிசையில் நின்ற ஒவ்வொருத்தியிடமும் காட்டினேன். “பாருங்கடி, நானும் பாதிதான். நல்லாத்தானே கீறேன்?” என்று கேட்டேன்.

சிரிப்பார்கள், தெளிவார்கள் என்று நினைத்துப் போனேன். ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டாள். இன்னொருத்தி, “ஐயோ, ஒண்ணு போறாதுன்னு அந்த வூட்ல ரெண்டாச்சே!” என்று அழுதாள். ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற நாளில் வயிறாரச் சாப்பிடச் சொன்னாள். போகும்போது தனியாகப் போனேன், வரும்போது என் பின்னால் ஒப்பாரி வந்தது.

வீட்டில் சாமு அந்தப் படத்தை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தான். பல நாள் கழித்து அவன் கண்ணில் கோபம் வந்தது.

“உனக்கு இன்னா பைத்தியமா? எவன் உன்னை அங்க நிக்கச் சொன்னது? உனக்கு ஒண்ணு ஆயிட்ச்சின்னா மாமா இன்னா பண்ணுவாரு?”

“படம்தானேடா. எனக்கு ஒண்ணும் ஆவாது.”

“ஆவாதுன்னு உனக்கு யாரு சொன்னது?”

“ஆச்சுன்னா ரெண்டு பேருக்கும் ஆவட்டும். நீ மட்டும் தனியாப் போவ வேணாம்” என்றேன். பேசும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் போய் முகம் கழுவினான். சுரங்கத்துக்குக் கொண்டுபோகிற மெழுகுவத்தியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டான்.

“கேஜ்ல வுட மாட்டாங்களேடா” என்றேன்.

“ஏணியில போறேன்” என்றான்.

ஏணிப் பாதை

கேஜ் ஓடுகிற குழிக்குப் பக்கத்திலேயே ஒடுக்கமாக இன்னொரு வழி உண்டு. ஏணிக்குக் கீழே பலகைத்தட்டு, அதிலிருந்து அடுத்த ஏணி, இப்படியே பாதாளம் வரைக்கும் போகும். கேஜ் கெட்டுப்போனால் ஏறி வருவதற்காக வைத்தது. நீர் சொட்டி வழுக்கும். யாரும் தினமும் அதில் போய் வருகிறதில்லை.

சாமு போனான். எல்லப்ப மேஸ்திரி வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே எல்லாருக்கும் ஒதுக்குப்புறமாக ஒரு மூலையில் அவனுக்கு வேலை கொடுத்தார். மற்றவர்கள் கிளம்புவதற்கு ரொம்ப நேரம் முன்னாலேயே அவன் வீட்டை விட்டுக் கிளம்புவான். அவர்கள் எல்லாம் வீடு சேர்ந்து சாப்பிட்டுப் படுத்த பிறகு வந்து சேருவான். உள்ளங்கை இரண்டும் கொப்பளம் கொப்பளமாக இருக்கும்.

அந்த நாட்களில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஏணியில் ஒரு படி இற்றுப்போயிருந்தால்? மெழுகுவத்தி அணைந்துவிட்டால்? கண்ணை மூடினால் அந்தப் பழைய குழியும், சத்தம் கேட்காமல் போன கல்லும்தான். துரையின் ஆல்பத்துக்கு இன்னும் படங்கள் பாக்கி இருந்தன. என் வீட்டுக்காரர் அளவு ஆள் இல்லாமலே பிடித்தார். துரை கேட்டதற்கு, ஆள் கிடைக்கவில்லை என்றார்.

பிறகு சாமுவுக்குக் காலை ஷிப்ட் மாறியது. ஒரு நாள் மத்தியானம், ஷிப்ட் முடிகிற நேரம், நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். உள்ளங்காலில் உதறியது. அடுக்கில் இருந்த பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதின.

நான் ஓடினேன். கையில் அரிசி ஈரத்தோடு ஓடினேன்.

சக்கரம் சுற்றியது

சுரங்கத்து வாசலில் கூட்டம் ஏற்கெனவே நின்றிருந்தது. யாரும் கத்தவில்லை. எல்லாரும் உச்சியில் இருக்கிற சக்கரத்தையே பார்த்தார்கள். அது சுற்றினால் கேஜ் வருகிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு தடவை கேஜ் வந்து நிற்கும்போதும் ஒரு கும்பல் வெளியே வரும். தன் புருஷனைக் கண்டுகொண்டவள் சந்தோஷத்தைக் காட்டாமல், தலையைக் குனிந்துகொண்டு, அவன் கையைப் பிடித்து ஓரமாக நகர்ந்துவிடுவாள். காத்திருப்பவர்கள் முன்னால் சிரிக்கக் கூடாது. அதுவும் எங்கள் ஊர் வழக்கம்தான். நகர நகரக் கூட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

எல்லப்ப மேஸ்திரியும் அவர் ஆட்களும் வந்து இறங்கினார்கள். எல்லாரும் முழுசாக இருந்தார்கள். முகத்தில் பாறைத் தூசி அப்பியிருந்தது. சாமு இல்லை. அவன் ஏணியில் இருந்தான்.

மேஸ்திரி என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

“இத்தினி பேரு நின்னு வந்த எடத்துல இன்னும் ஒருத்தனுக்கு எடமில்லாம போச்சா மேஸ்திரி?” என்றேன்.

அவர் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது அவர்கள் மேல் கோபம்கூட வரவில்லை. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

தலையைத் தூக்கியபோது மேஸ்திரி திரும்பி கேஜுக்குள் ஏறிக்கொண்டிருந்தார். தரை ஒரு தடவை உதறினால் மறுபடியும் உதறும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் கீழே போகிறவன் எவனும் கிடையாது. “மேஸ்திரி, வேணாம்” என்று யாரோ சொன்னார்கள். பிறகு சொன்னவனே போய் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். மணி அடித்தது. கேஜ் இறங்கிப் போயிற்று.

சக்கரம் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. என் வீட்டுக்காரர் எப்போது வந்தார் என்று தெரியாது, பக்கத்தில் நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்று முடிந்து இன்னொன்று, அது முடிந்து இன்னொன்று.

திரும்ப மணி அடித்தது. சக்கரம் சுற்றியது.

முதலில் தெரிந்தது மேஸ்திரியின் தோளிலிருந்து தொங்கிய கை. அது ஆடியது. சட்டை கிழிந்து ரத்தமும் சேறுமாக இருந்தது. கையைப் பார்த்ததும் முடிந்தது என்றே நினைத்தேன். படத்தில் என்ன வந்ததோ அதுவே நடந்துவிட்டது என்று நினைத்தேன். நானும் அதை நம்பித்தான் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“உசுரு கீதும்மா” என்றான் கூடப் போன ஒருவன். “ஏணி பேந்து பலகையில வுழுந்து கெடந்தான். காலு ஒடஞ்சிருக்குது.”

அவனை இறக்கி வைக்கப் பலகை கொண்டுவர ஓடினார்கள். மேஸ்திரி இறக்கவில்லை. மூச்சு வாங்கியது அவருக்கு. ஆனாலும் தோளில் அவனை வைத்துக்கொண்டே என் முன்னால் வந்து நின்றார்.

“கேஜ் நிக்கற எடம் வரைக்கும் ஒரு லெவல் முழுக்க இவனைத் தூக்கினு ஏணி எறங்கினேன்” என்றார். “இன்னா கனம் கனக்கறான் தெரியுமா உன் தம்பி? ஊடால மரம் தெரியுதாம், கல்லு தெரியுதாம். எவன் சொன்னது? என் தோளைக் கேளும்மா!”

சொல்லிக்கொண்டே அந்த மீசைக்காரர் குழந்தை மாதிரி அழுதார்.

நான் எழுந்துபோய்ச் சாமுவின் தொங்கிய கையை எடுத்து என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அது என்னைக் கீழே இழுத்தது. நான் தடுமாறினேன், என் வீட்டுக்காரர் வந்து என்னைத் தாங்கிக்கொண்டார்.